எட்டாம் நம்பருக்குச் சுறா இல்லை

விலங்கியல் எம்.எஸ்ஸி. வகுப்பில் நான் உட்கார்ந்த முதல் நாள், துறைத் தலைவர் வருகைப் பதிவை முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, இந்த சீட் ஒரு பையனுக்குப் போயிருக்க வேண்டியது என்றார். மற்ற ஏழு பேரும் பையன்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதற்காக அவர்களை நல்லவர்கள் என்று நான் நினைத்துவிடவில்லை. அவர் சொன்னது அவர்களுக்குச் சரியாகவே பட்டது, அதனால் சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீரங்கத்துப் பெண். டவுனில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். மார்க்கைப் பார்த்த இந்தக் கல்லூரிப் பிரின்சிபல் தாமே எனக்கு இடம் கொடுத்துவிட்டார், துறைத் தலைவரைக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தைப் பிரின்சிபலிடம் காட்ட முடியாததால், இரண்டு வருஷமும் அவர் என்னிடம் காட்டினார். என் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வரிசையில் நான் எட்டாம் நம்பர். "எட்டு" என்பார். நான் எழுந்து நிற்பேன்.

வீட்டிலும் எனக்கு ஆதரவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெரியப்பாதான் குடும்பத்துக்குத் தலைவர், பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். என் அப்பா ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அண்ணா சொல்லாமல் அவர் வேஷ்டிகூட வாங்கமாட்டார். என் ஜாதகத்தில் ஏதோ தோஷம் இருந்ததால் வரன்கள் தட்டிப்போய்க்கொண்டே இருந்தன. ஒன்று குதிரும்வரைக்கும் சும்மா இருப்பானேன், போகட்டும் என்று பெரியப்பா ஒருநாள் தலையசைத்தார். எனக்குப் படிப்பு வந்த வழி அதுதான். விலங்கியல் என்றால் புலி, யானை பற்றிய பாடம் என்றுதான் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

துறைத் தலைவர் என்னை எப்படி நடத்தப்போகிறார் என்பது முதல் பிராக்டிக்கல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மெழுகுத் தட்டும் ஒரு தவளையும் வைத்துக்கொண்டே போன அட்டெண்டர், என் மேஜைக்கு வந்ததும் வெறுங்கையோடு நின்றார். நான் துறைத் தலைவரைப் பார்த்தேன். ஏழு பேருக்குத்தான் பிராணி கேட்டு இன்டென்ட் போட்டேன், எட்டு வேடிக்கை பார்க்கட்டும் என்றார் அவர். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் ஏழுதான் வந்தது. அதற்கடுத்த வாரம் நானே அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். பாதியில் கல்யாணம் ஆகிப் போகப்போகிறவளுக்கு எதற்கு ஒரு பிராணியை வீணாகக் கொல்ல வேண்டும் என்றார். அவர் குரலில் அந்தப் பிராணியின் மேல் நிஜமாகவே பரிவு இருந்தது.

அந்த வருஷம் எங்களை முக்கொம்புக்குக் கூட்டிப்போனார்கள், தண்ணீரில் உள்ள சிற்றுயிர்களைச் சேகரிக்க. லேடீஸுக்கு வேனில் இடமில்லை என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு வலையையும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மதகுக்குப் பக்கத்தில் அவர்கள் வேனை நிறுத்திவிட்டுத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துறைத் தலைவர் வருகைப் பதிவை எடுத்தார். "எட்டு" என்று கூப்பிடவே இல்லை, ஏழோடு மூடிவிட்டார். நான் நாலு முழ தூரத்தில் தண்ணீரில் இறங்கி முழங்கால்வரை நனைந்த புடவையோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஆப்சென்ட்.

அழுகை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பசி எடுக்கும். அன்று முக்கொம்பில் ஒரு கடையில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே, இந்த மனுஷர் என்னை விரட்டுவதற்குள் நான் இந்தப் படிப்பை முடித்துவிடுவேன் என்று முடிவு செய்தேன். அறிவியலின் மேல் எனக்கு அப்போது பெரிய பற்று இருந்ததாகச் சொன்னால் அது பொய். அந்த வருஷம் என்னைப் படிக்க வைத்தது அவர்மேல் இருந்த வெறுப்புதான்.

சின்னப் பிராணிகளை நானே தேடிக்கொண்டேன். கரப்பான்பூச்சி எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. நத்தையும் மண்புழுவும் வாய்க்கால் கரையில் கிடைத்தன. கல்லூரிக்குச் சீக்கிரம் போய், பெண்கள் ஓய்வறை என்ற பெயரில் எனக்கு ஒதுக்கியிருந்த சாமான் அறையில் வைத்து அறுத்துப் பழகினேன். சிக்கல் வந்தது சுறாவில். எம்.எஸ்ஸி. பிராக்டிக்கல் பரீட்சைக்குச் சுறாவின் மூளை நரம்புகள் முக்கியமான பாடம். சுறாவுக்கு எலும்பு கிடையாது, மண்டை ஓடே குருத்தெலும்பு. முள்ளங்கி சீவுகிற மாதிரி அதைச் சன்னமாகச் சீவிக்கொண்டே போய், உள்ளே ஓடும் நூல் நூலான நரம்புகளை அறுபடாமல் வெளியே கொண்டுவர வேண்டும். கை ஒரு இழை ஆழமாகப் போனால் போயிற்று. பார்த்து வருகிற வித்தை இல்லை அது. நான்கு தலைகளாவது பாழாக்கினால்தான் ஐந்தாவது வரும் என்று சீனியர்கள் பேசிக்கொள்வார்கள்.

வாய்க்கால் கரையில் சுறா கிடைக்காது. மீன் மார்க்கெட்டில் கிடைக்கும், நாகப்பட்டினத்திலிருந்து ஐஸில் வைத்து வருகிறது என்று அட்டெண்டர் சொன்னார். ஒரு சனிக்கிழமை காலை டவுன் மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறிப் பக்கம் எனக்குத் தெரியும். மீன் பக்கம் அதற்கு முன் நான் நுழைந்ததே இல்லை. நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு, புடவைத் தலைப்பு மூக்கை மூடியிருக்க, வழுக்கும் தரையில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தபடி போய், சுறா இருக்கிறதா என்று கேட்டேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழங்கை நீளத்தில் சாம்பல் நிறமாக ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பால்சுறா. பிள்ளை பெத்தவங்களுக்கா?" என்று கேட்டார்.

பிரசவமான பெண்களுக்குப் பால் சுரக்கச் சமைத்துக் கொடுக்கிற மீன் அது என்பது எனக்கு அப்போது தெரியாது. விளக்கம் சொல்ல நேரமில்லை, ஆமாம் என்றேன். துண்டு போடவா என்று கத்தியை எடுத்தார். தலை முழுசாக வேண்டும், தொடாதீர்கள் என்று பதறினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பனையோலையில் சுற்றிக் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், வாழையிலைக் கட்டோடு எதிரே ஒரு மாமா நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீதிக்காரர், நாலு வீடு தள்ளி இருக்கிறவர். என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இலைக்கட்டை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அடுத்த ஸ்டாப்பில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். லேபில் துறைத் தலைவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். மார்க்கெட் மீனை என் லேபில் வெட்டக்கூடாது என்றார். லேபுக்குள் அன்றைக்கு ஏழு தட்டில் ஏழு சுறா கிடந்தது, அதே மார்க்கெட்டில் வாங்கியது. நான் தட்டை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போய், படிக்கட்டில் உட்கார்ந்து அறுத்தேன். முதலில் இரண்டு காக்கை வந்தது. பிறகு சுவர் முழுக்கக் காக்கை.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கூடத்தில் பெரியப்பா நின்றிருந்தார். அப்பா தூணோரம், அம்மா சமையல் நடக்கும் தளிகையறை நிலைப்படியில். நான் குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். அங்கேயே நில் என்றார் பெரியப்பா.

"மார்க்கெட்ல பால்சுறா வாங்கினயாமே. யாருக்குடி?"

"எனக்குத்தான்."

அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதும், இரண்டுமே அந்த வீட்டைக் கொளுத்தக்கூடியவை என்பதும் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒன்று நான் அதைத் தின்றேன். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திங்க இல்லை, அறுத்துப் பார்க்க என்று அவசரமாகச் சொன்னேன்.

"அறுத்து என்ன பார்ப்பே?"

"நரம்பு."

பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பி, இதைத்தான் ரெண்டு வருஷம் சொல்லித்தரானாடா என்று கேட்டார். எனக்கு அங்கே கோபம் வந்தது பெரியப்பாமேல் அல்ல. அவர் அப்படித்தான் இருப்பார், அது தெரிந்ததுதான். அப்பாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது தெரியும். சேரும்போது பாடத்திட்டத்தை வாங்கி வரி வரியாகப் படித்தவர் அவர். அன்றைக்கு அவர் தூணில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பை நிறுத்து என்றார்கள், மாட்டேன் என்றேன். கத்தினார்கள், நானும் கத்தினேன். கடைசியில் பெரியப்பா ஒரு ஏற்பாடு சொன்னார். நான் இனி தளிகையறைக்கும் பூஜை செய்யும் பெருமாள் உள்ளுக்கும் வரக்கூடாது. கொல்லைத் தாழ்வாரத்தில் தனியாகத் தட்டு, தனியாக டம்ளர். அம்மா அந்த விதிகளைப் பெரியப்பாவைவிடக் கறாராக நடத்தினாள். சாதத்தை என் தட்டில் படாமல் மேலேயிருந்து போடுவாள். வந்துகொண்டிருந்த ஒரு பம்பாய் வரனும் அந்த மாதமே நின்றது. பிள்ளை வீட்டாருக்கு யார் சொன்னார்கள் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. வாழையிலை மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்த வரன் போனதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அது தானாகப் போயிருக்க வேண்டும். அவர் சொல்லிப் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதன் பிறகு தெருவில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் வழிவிடாமல் நேராக நடந்தேன், அவர்தான் ஒதுங்கினார்.

மார்க்கெட்டிலிருந்து மறுபடி வாங்கிவந்த இரண்டாவது சுறாவைப் படிக்கட்டில் நான் அறுத்துக்கொண்டிருந்தபோது என் வகுப்பு மாணவர் ஒருவர் வந்து நின்றார். கோட்டைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அவருடைய அத்தாவுக்குப் பெரிய கடைவீதியில் இரும்புக்கடை. வகுப்பில் முதலிடத்துக்கு வரக்கூடியவர் என்று எல்லோரும் சொன்னது அவரைத்தான். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. துறையில் உருப்படியான மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்காக நாங்கள் இருவரும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்.

குனிந்து என் தட்டைப் பார்த்துவிட்டு, "அஞ்சாம் நரம்பை அறுத்துட்டீங்க" என்றார்.

தெரியும் என்றேன். அவர் போகவில்லை. துறையில் ஆளுக்கு ஒரு சுறாதான் கொடுத்தார்கள், தனக்கும் அது பற்றவில்லை என்றார். பிறகு வியாபாரம் பேசுகிற குரலில் ஒரு யோசனை சொன்னார். தலையில் இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒரே நரம்புகள்தான். ஒரு சுறா வாங்கினால் ஆளுக்கு ஒரு பக்கம் அறுக்கலாம். மார்க்கெட்டில் அவர் வாங்கி வருவார், அவர் வாங்கினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பதிலுக்கு மைக்ராஸ்கோப்புக்கு நான் சண்டை போடக்கூடாது.

நான் ஒத்துக்கொண்டேன். வேறு வழி இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன். அந்தப் பருவம் முழுக்க வாரம் ஒரு காலை அந்தப் படிக்கட்டில் தட்டை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். பேச்சு மிகக் குறைவு. தலையை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள் என்பார். உங்கள் நிழல் விழுகிறது, நகருங்கள் என்பேன். காக்கையை விரட்டுவது மட்டும் முறைவைத்துச் செய்தோம். இப்படி ஐந்தோ ஆறோ தலைகள் பாழான பிறகு ஒரு நாள் என் பக்கத்தில் எல்லா நரம்பும் அறுபடாமல் வந்தன. கண்குழியின் மேல்விளிம்பில் வெள்ளைப் பட்டு நூல்போல ஒன்று ஓடியது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பாராட்டவில்லை. அடுத்த வாரம் தனக்கு அந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் வருஷம் நடுவில் துறைத் தலைவர் என் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் அறையில் நிற்கச் சொன்னார். உங்கள் பெண் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பையனோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள், பையன் எந்தச் சமூகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். பையனை விசாரித்துவிட்டாராம். இந்தப் பெண்தான் வற்புறுத்திக் கூப்பிட்டது என்று அந்த மாணவர் சொல்லிவிட்டாராம். கௌரவமாக நீங்களே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தினமும் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற வாத்தியார். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அண்ணாவைக் கேட்டுண்டு சொல்றேன்."

வெளியே வந்ததும் அப்பாவை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நான் லேபுக்குப் போனேன். அவர், அந்த முதல் மாணவர், மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, கேட்டதைத்தான் சொன்னேன் என்றார். யோசனை யாருடையது என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"உங்களுக்கு டிகிரி வரலைன்னா கல்யாணம் வரும். எனக்கு இரும்புக்கடைதாங்க வரும்" என்றார்.

நல்லது, அப்படியானால் ஒப்பந்தம் முடிந்தது என்றேன். ஸ்லைடை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பை என் பக்கம் இழுத்தேன். அவர் தடுக்கவில்லை. அதன்பின் பரீட்சைவரை எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

வீட்டில் அப்பா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் கொல்லை வழியாக வந்து தாழ்வாரத்தில் நின்றேன். அவர் அங்கிருந்தே கேட்டார்.

"யாருடி அந்தப் பையன்?"

"கூடப் படிக்கறவர். எனக்கும் அவருக்கும் ஆகாது."

"ஆகாதுன்னா எதுக்குச் சேர்ந்து உக்காந்தே?"

"சுறா ஒண்ணுதான் இருந்தது."

ஏன் ஒன்று என்று கேட்டார். அப்போதுதான் முதல்முறையாக வீட்டில் சொன்னேன். ஏழு இன்டென்ட், முக்கொம்பு, லேப் வாசல், படிக்கட்டு எல்லாம். பெரியப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்திக்கொண்டார். நான் முடித்ததும், போய் ஸ்நானம் பண்ணு என்றார், அவ்வளவுதான். படிப்பு அன்றோடு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கைங்கரியம் முடிந்து, பன்னிரண்டு திருமண்ணும் பஞ்சகச்சமுமாக அவர் எனக்குப் பின்னால் பஸ் ஏறினார். என்னோடு பேசவில்லை, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தார். கல்லூரியில் துறைத் தலைவர் அறை எது என்று மட்டும் கேட்டார். வராந்தாவில் ஃபார்மலின் நெடி தாங்காமல் உத்தரீயத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே நாற்காலி காட்டப்பட்டது. இந்த இடத்தில் உட்காருவதாக இல்லை என்றார். நான் வாசலில் நின்றேன், லேபிலிருந்த பையன்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். துறைத் தலைவர் மரியாதையாகத் தொடங்கி, உங்கள் குடும்ப கௌரவத்துக்காகத்தான் சொன்னேன் என்றார்.

பெரியப்பா அவரை முடிக்க விடவில்லை.

"எங்காத்துப் பொண்ணை வையறதுக்கும் தள்ளி வைக்கறதுக்கும் நான் இருக்கேன். அது எங்காத்துக் காரியம். நீர் யாரு? எட்டுப் பேரைச் சேர்த்துண்டு ஏழு மீன் வாங்கறீரே, பாக்கி ஒரு மீனை யார் சாப்பிட்டா?"

யாரோ பின்னால் அடக்க முடியாமல் தும்மினாற்போல ஒரு சத்தம் செய்தார்கள். துறைத் தலைவரின் காது மடல் சிவந்துபோனது. பெரியப்பா குரலை உயர்த்தவே இல்லை. கோயிலில் பாசுரம் சேவிக்கிற அதே நிறுத்தி நிதானமான குரல். இவள் பெயரைச் சேர்த்து இன்னொரு பேச்சு வெளியே வந்தால் நாளை காலை கல்லூரி வாசலில் வந்து உட்காருவேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மீன் கணக்கைச் சொல்லுவேன் என்றார். பிறகு பிரின்சிபல் அறை எது என்று அட்டெண்டரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயும் போனார். அங்கே என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது.

திரும்பும்போது என் பக்கம் பார்க்காமல் போனார். நேரே காவிரியில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், முழுகிவிட்டு ஈர வேஷ்டியோடுதான் வீட்டுக்கு வந்தாராம். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது எல்லாம் மாறியிருக்கும் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. தட்டும் டம்ளரும் கொல்லைத் தாழ்வாரத்திலேயே இருந்தன. நன்றி சொல்லலாம் என்று கூடத்துப் பக்கம் ஒரு அடி வைத்தேன்.

"அங்கேயே நில்லு" என்றார் பெரியப்பா. நின்றேன். நன்றியும் அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த பிராக்டிக்கலிலிருந்து எட்டுத் தட்டு வந்தது. பிரின்சிபல் எழுத்திலேயே உத்தரவு போட்டிருப்பதாக அட்டெண்டர் சொன்னார். ஆனால் எட்டாவது பிராணியைத் தேர்ந்தெடுத்தது துறைத் தலைவர்தான். ஐஸ் உருகி வயிறு வெடித்தது, செவுள் கருத்தது, தொட்டால் தோல் கையோடு வருவது எதுவோ அது என் தட்டுக்கு வரும். அழுகலில் நரம்பு எடுக்கப் பழகினேன். அதில் ஒரு பெருமையும் இல்லை, வாசனைதான் மிச்சம். எத்தனை முறை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் கூந்தலிலிருந்து போகாது. அம்மா என் தலையணையைத் தனியாக வெயிலில் போடுவாள், ஒரு குச்சியால் தூக்கிக்கொண்டு போய்.

பரீட்சையில் எனக்குச் சீட்டில் வந்தது சுறா இல்லை, கணவாய் மீன். படிக்கட்டில் கற்ற எதுவும் அதற்கு உதவவில்லை. கணவாயை நான் ஒரே ஒரு முறைதான் அறுத்திருந்தேன், அதுவும் பாதி கரைந்துபோனது. சுமாராகச் செய்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் நியாயமான மனிதர், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். துறைத் தலைவர் காத்திருக்கவில்லை. நான் வாயைத் திறக்கும்போதே அடுத்த கேள்விக்குப் போனார், மூன்று தடவை. நாலாவது தடவை அவர் பேசுவதைப் பொருட்படுத்தாமல் முதல் கேள்விக்கான பதிலை முழுசாகச் சொல்லி முடித்தேன். வெளியூர்க்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செகண்ட் கிளாஸ் வந்தது. முதல் மாணவருக்கு எதிர்பார்த்தபடி ஃபர்ஸ்ட் கிளாஸ். அதே துறையில் அவருக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் கிடைத்தது, அதே தலைவரின் கீழே. சான்றிதழ் வாங்கப் போன அன்று அவர் புது வெள்ளைக் கோட்டில் லேபுக்குள் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ ஜாடியைத் துடைக்கத் தொடங்கினார். அவருக்கு அந்தக் கோட்டு பொருந்தியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நடத்தைச் சான்றிதழுக்குத் துறைத் தலைவர் என்னைக் காலையிலிருந்து பிற்பகல்வரை வராந்தாவில் உட்கார வைத்தார். கடைசியில் 'திருப்திகரம்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, கல்யாணத்துக்குச் சொல்லியனுப்புங்கள் என்றார். சொல்லமாட்டேன் சார் என்றேன். அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று ஒரு நினைவு மலருக்காக என்னிடம் கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதியனுப்பினேன்.

அந்த ஆனி மாதமே தெற்கே ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. பெரியப்பா தடுக்கவில்லை, போய்வா என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற நேரத்தில் கோயிலில் இருந்தார். அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள், பையை என் கையில் தராமல் தரையில் வைத்தாள், நான் எடுத்துக்கொண்டேன். அப்பா மட்டும் ஜங்ஷனுக்கு வந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றார். கடிதம் போடு, ஹாஸ்டல் சாப்பாட்டில் சாத்தமுது எப்படியிருக்கும் என்று பார், இந்த மாதிரி ஏதேதோ சொன்னார். வண்டி கிளம்பப் போகிறது என்று மணி அடித்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு அண்ணா போகாம இருந்திருந்தா, நான் போயிருப்பேன்" என்றார்.

"போயிருக்கமாட்டேள்" என்றேன்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரம் முடிகிறவரை அவர் கூடவே நடந்து வந்தார். நான் கையசைக்கவில்லை, ஆனால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை.